வெயிலில் வைத்த வடகடல்

டெல்லியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். எங்காவது ஓரமாகக் கடல் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. யமுனையைச் சொல்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டவர்களும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். பிறந்து வளர்ந்தது திண்டுக்கல். அங்கேயும் கடல் கிடையாது. ஆக, கடல் இல்லாத ஊரிலிருந்து கடல் இல்லாத இன்னொரு ஊருக்கு ரயிலேறி வந்து கடல் படித்தவள் நான். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நிலாவைப் பற்றிப் படிக்கிறவர்களை யாரும் இப்படிக் குடைவதில்லை.

நான் படித்தது குளிர்ந்த கடல்களில் மிதந்து திரியும் பொடிப்பொடி உயிர்களை. கோப்பிபாட் என்று பெயர். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். அரிசிக் குருணையில் பாதிகூட இருக்காது. ஒற்றைக் கண், தலையின் இரண்டு பக்கமும் உடம்பு நீளத்துக்கு மீசை, நீந்துவதற்குத் துடுப்பு மாதிரி கால்கள். வடக்கே குளிர்கடலில் வருஷத்துக்குச் சில மாதங்கள்தான் இவற்றுக்குச் சாப்பாடு. வெயில் தலைகாட்டியதும் தண்ணீரில் பாசி பெருகும். பாசி இருக்கும்போதே தின்று, வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையும் போட்டுவிட வேண்டும். நான் படித்த ரகத்துக்கு ஜில்லென்ற வசந்தம்தான் பிடிக்கும். தண்ணீர் சூடேறத் தொடங்கினால் தாய் வேறு மாதிரி முட்டை போடும். அது உடனே பொரிக்காது. அடியில் போய்ச் சேற்றுக்குள் படுத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தூங்கும். திரும்ப நல்ல காலம் வந்ததும் பொரித்துக்கொண்டு மேலே வரும். காலண்டர் கிடையாது, எழுப்பிவிட அம்மா கிடையாது. பின்னே நல்ல காலம் வந்தது முட்டைக்கு எப்படித் தெரிகிறது? அதுதான் என் ஆராய்ச்சி.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஐரோப்பாவில் வடகடல் பக்கம் ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பர் அனுப்பிய கடல்சேறு மூன்று பாட்டில்களில் வந்து சேர்ந்தது. கருப்பும் பழுப்புமாகச் சேறு, மேலே இரண்டு விரற்கடைக்குக் கடல்தண்ணீர். அந்தச் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கடலடி இருட்டாக இருக்கும், அசைவு இருக்காது, ஆகவே இருட்டில் அசைக்காமல் வைத்துப் பொரிக்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். அப்படியே செய்தேன். முதல் பாட்டிலில் ஒன்றும் பொரிக்கவில்லை. இரண்டாவது பாட்டிலிலும் பொரிக்கவில்லை. கோழி முட்டையாவது கூமுட்டை என்று குலுக்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம், இதை என்னவென்று சொல்வது? மிச்சம் ஒரே ஒரு பாட்டில்.

உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. முட்டையிலிருந்து முட்டை வரை ஒரு முழுத் தலைமுறையை வளர்த்துக் காட்டாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் அப்பா இன்னும் கண்டிப்பு. "மார்ச்சுக்குள்ள முடிக்கிற, இல்லையா, பெட்டியக் கட்டிட்டு வந்துர்ற" என்றார். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்த குடும்பம் ஒன்று என்னைக் கேட்டு வந்திருந்தது. பையன் தங்கமான பையன் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அரைகுறை ஆராய்ச்சியோடு போய்ப் பட்டறை வாசலில் நிற்க எனக்கு இஷ்டமில்லை. ஆக, என் பிழைப்பு முழுக்க அந்தக் கடைசி பாட்டிலுக்குள் இருந்தது.

தங்கியிருந்தது ஜங்புராவில், மொட்டை மாடியில் தனியாக நிற்கும் ஒற்றை அறை. டெல்லியில் அதைப் பர்சாத்தி என்பார்கள். வெயில் காலத்தில் அடுப்பு, குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி, வாடகை மட்டும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் ஒரு நர்ஸ் அக்கா. நாகர்கோவில் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஊர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் வேலை. குரல் கணீரென்று இருக்கும், கை வேலை சுத்தமாக இருக்கும், அடுத்தவர் சாமானுக்கும் தன் சாமானுக்கும் வித்தியாசம் தெரியாது. என் ஸ்வெட்டர் அவள் உடம்பில் இருக்கும், அவள் குழம்பு என் தட்டில் இருக்கும். சண்டை தினமும் உண்டு. அறையில் இருந்த பழைய ஃப்ரிட்ஜ் அவளுடையது.

ஜனவரியில் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் கண்ணை மூடியது. ரிப்பேருக்குக் காகிதம் நகரும் வேகம் எனக்குத் தெரியும் என்பதால், மூன்றாவது பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்து அக்காவின் ஃப்ரிட்ஜில் கடைசித் தட்டில், சுவரோரம் ஒட்டி வைத்தேன். அன்றைக்கே பொங்கலுக்கு ஊருக்கு ரயில். அக்கா டியூட்டியில் இருந்தாள். அத்தனை உள்ளே இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

பொங்கல் முடிந்து திரும்பிய ரயில் மூடுபனியில் ஊர்ந்து ஊர்ந்து, விடிகாலையில் வர வேண்டியது மத்தியானம் வந்து சேர்ந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், குளிர்கால வெயில் மொட்டை மாடி முழுக்க விரிந்து கிடக்கிறது. கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் கைப்பிடிச் சுவரின் மேல் என் பாட்டில். மூடி இல்லை. வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அந்தத் துணி என் துப்பட்டாவின் ஓரம்.

"ஆ கயீ பேட்டி?" என்று ஆன்ட்டி சிரித்தார். "துமாரா அச்சார் பஹுத் அச்சா பன் ரஹா ஹை." வந்துவிட்டாயா மகளே, உன் ஊறுகாய் ரொம்ப நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்கிறார். என் கையிலிருந்த பெட்டி தானாகக் கீழே இறங்கியது.

அக்கா அறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தாள். "வா மக்ளே. வண்டி லேட்டா?"

"அக்கா, இது என்ன?"

"அத நீதான் சொல்லணும். ஊர்லயிருந்து கூனி ஊறுகா கொண்டாந்து ஃப்ரிட்ஜுக்குள்ள கடைசில ஒளிச்சு வச்சிருக்க. ஒரே ரூம்ல கெடக்கோம், எனக்கு ஒரு வாய் தந்தா கொறஞ்சா போயிருவ?"

கூனி என்பது அவர்கள் கடற்கரையில் அள்ளுகிற பொடி இறால். காயவைத்து, அரைத்து, என்னவெல்லாமோ செய்வார்கள். கருப்பும் பழுப்புமாகக் கடல் வாசனையோடு ஒரு பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"என்ன பண்ணீங்க இத?"

"ஃப்ரிட்ஜத் தொடைக்கலாம்னு எல்லாத்தையும் வெளிய எடுத்தேன். பாத்தா இது மேல தண்ணி விட்டுக் கெடக்கு. தண்ணி விட்டா ஊறுகா பாழாப் போயிரும்லா. அதான் அடிவரைக்கும் நல்லா கிளறி, வேடு கட்டி வெயில்ல வச்சேன். பகல்ல வெளிய, சாயங்காலம் உள்ள. ஒரு நாள் தவறல பாத்துக்கோ. நான் டியூட்டிக்குப் போன அன்னிக்கு ஆன்ட்டிகிட்டச் சொல்லிட்டுப் போனேன்."

"எதால கிளறினீங்க?"

"ஈரமில்லாத கரண்டிதான். எனக்கு அதுகூடவா தெரியாது?"

"வாயில வச்சீங்களா?"

அக்கா அப்போதுதான் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தாள். "உப்புப் பாத்தேன். லேசாத்தான். மண்ணு கரகரன்னுது. உங்க அம்மா கூனிய ஒழுங்கா அலசலன்னு நெனச்சேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அசைக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, குளிர் குறையக் கூடாது என்று குழந்தையைப் போல மறைத்து வைத்த பாட்டிலை அடியோடு கிளறி, காற்று விட்டு, வெயில் காட்டியிருக்கிறாள். என்னென்ன செய்யக் கூடாதோ எல்லாவற்றையும் ஒன்று விடாமல், முறை தவறாமல் செய்திருக்கிறாள். அது ஊறுகாய் இல்லை, வடகடல் சேறு, அதற்குள்தான் என் பட்டம் இருந்தது என்று சொல்லிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பாவம், ஆன்ட்டி பட்டாணியை விட்டுவிட்டு என் முதுகைத் தடவினார். ஊறுகாய் கெட்டுப் போனதற்கு இந்த மதராசிப் பெண் இவ்வளவு அழுகிறாளே என்று நினைத்திருப்பார்.

"சேறா?" என்றாள் அக்கா. "சேத்தையா நான் நக்கினேன்?" குழாயடிக்கு ஓடிப்போய் வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். அந்தத் துக்கத்திலும் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கொட்டிவிடலாம் என்றுதான் வேடு கட்டிய துணியை அவிழ்த்தேன். தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது மேல் தண்ணீரில் தூசி தெரிந்தது. தூசி என்றால் தண்ணீர் ஆடுகிற பக்கம் ஆட வேண்டும். இது குதித்தது. ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொரு புள்ளி, அப்புறம் பாட்டிலின் வெயில் பட்ட பக்கம் முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு விசுக் விசுக்கென்று. பாட்டிலை ஆன்ட்டியின் பட்டாணித் தட்டில் வைத்துவிட்டு, அறைக்குள் ஓடி என் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய மைக்ராஸ்கோப்பை இழுத்தேன். துறையில் கழித்துப் போட்டதை நான் வாங்கி வைத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் குனிந்தேன். பேரிக்காய் உருவம், நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண், மூன்று ஜோடி கால். அப்போதுதான் பிறந்த கோப்பிபாட் குஞ்சு. நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்தது.

"பொரிச்சிருச்சுக்கா" என்றேன். "எல்லாம் பொரிச்சிருச்சு."

கிளறியதில் சேற்றுக்கு அடியில் மூச்சில்லாமல் கிடந்த முட்டைகளுக்குக் காற்று போயிருக்கிறது. பகலில் வெளிச்சம், இளஞ்சூடு. சாயங்காலம் உள்ளே, குளிர். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி எழுந்துவிட்டன. ஜங்புரா மொட்டை மாடியில், ஜனவரியில்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பிறகு கேட்டாள், "சரி, பொறந்த பிள்ளைக்கு என்ன குடுப்ப?"

"பாசி."

"எங்க இருக்கு?"

"இனிமேத்தான் வளக்கணும். மாசக் கடைசில பொரிக்க வைக்கலாம்னு இருந்தேன்."

"பிள்ளையப் பெத்துப் போட்டுட்டு, பாலு மாசக் கடைசில வரும்னு சொன்னா எப்பிடி மக்ளே?"

சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை அது. கடலிலும் இவற்றுக்கு நேர்கிற பெரிய கொடுமை அதுதான். பாசி பெருகும் முன்பே பொரித்துவிட்டால் அத்தனையும் பட்டினியில் போய்விடும். பிறந்த புதிதில் முட்டைக்கருவின் மிச்சத்தில் கொஞ்ச நேரம் ஓட்டும், அப்புறம் வாய்க்கு ஏதாவது வேண்டும். நான் உலகத்திலேயே தவறான இடத்தில் தவறான நேரத்தில் ஒரு பட்டாளத்தைப் பிறக்க வைத்துவிட்டு நின்றேன். சரியாகச் சொன்னால், அக்கா பிறக்க வைத்துவிட்டாள். அதை அவளுக்குச் சொல்லிக்காட்டவும் செய்தேன்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. முகம் மாறிவிட்டது. வார்டில் நிற்கிற முகம் அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "பேக்கரில ஈஸ்ட் கெடைக்கும். அது பொடிசுதானே, திங்குமா?" என்றாள். தின்னும், நல்ல சாப்பாடு இல்லை, ஆனாலும் தின்னும். "சாவாம இருக்கட்டும் மொதல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த போகல் மார்க்கெட்டுக்கு இறங்கினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் பஸ் பிடித்து ஆய்வுக்கூடம் போய், வேறொரு துறையில் வளர்த்து வைத்திருந்த பாசியில் ஒரு குடுவையைக் கெஞ்சி வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் அறை எங்கள் அறையாக இல்லை. சேற்றிலிருந்து குஞ்சுகளைப் பிரித்து, அகலக் கிண்ணங்களில் விட்டோம். அக்கா கட்டளைகள் போட்டாள். கை கழுவாமல் யாரும் கிட்டே வரக் கூடாது. கொசுவர்த்தி கூடாது. பவுடர் போட்டுக்கொண்டு கிண்ணத்தின் மேல் குனியக் கூடாது. சொட்டு மருந்துக் குழாயால் பாசி கொடுப்பாள், கொடுத்துவிட்டு மிச்சம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பாள். டியூட்டிக்குப் போகும்போது, வார்டில் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஒப்படைக்கிற மாதிரி என்னிடம் ஒப்படைப்பாள். "மூணாவது கிண்ணத்துக்குக் கொஞ்சம் சோர்வா இருக்கு. பைய பாத்துக் குடு. அடில கெடக்கறதுகள எடுத்துரு." என் ஆராய்ச்சியை எனக்கே சொல்லிக் கொடுக்கிறாளே என்று எரிச்சலாக வரும். "எனக்குத் தெரியும்க்கா" என்பேன். "தெரிஞ்சவதான் ஃப்ரிட்ஜுல போட்டுட்டு ஊருக்குப் போனியாக்கும்" என்பாள்.

பேராசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். குரங்குக் குல்லாவும் கோட்டும் மூச்சு இரைப்புமாக மாடி ஏறி வந்தவரை அக்கா வாசலில் நிறுத்தி, ஷூவைக் கழற்றச் சொல்லி, சோப்பைக் கையில் கொடுத்தாள். அவரும் பேசாமல் ஜனவரிக் குளிர்நீரில் கையைக் கழுவினார். மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எந்த முறைப்படி பொரிக்க வைத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஊறுகாய் போடுகிற முறைப்படி, சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மிச்சச் சேற்றைப் பங்கு போட்டு, பாதியை இருட்டில் அசைக்காமலும் பாதியைக் கிளறி வெளிச்சத்திலும் வைத்துப் பார் என்று மட்டும் சொன்னார். வைத்துப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் வரவில்லை, வெளிச்சத்தில் வந்தது. இரண்டு வருஷம் நான் இருட்டில் காத்திருந்ததை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இவை வளர்கிற விதம் ஒரு கூத்து. உடம்பு பெருக்கும்போது மேல்தோல் பெருக்காது. சட்டை இறுகியதும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆறாவது சட்டையைக் கழற்றும்போது உருவமே மாறிவிடும். அதன் பிறகும் ஐந்து சட்டை கழற்றினால்தான் பெரியவர் கணக்கில் சேர்த்தி. அந்த உருவம் மாறிய அன்று அக்கா டியூட்டி முடிந்து வந்து கண்ணை வைத்தவள் பதறிப் போய்விட்டாள்.

"மக்ளே, இது வேற என்னமோ ஆயிட்டு. நீ என்னத்தைக் குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. வயசுக்கு வருது."

"இப்பிடியா? வாலு மொளச்சுல்லா கெடக்கு."

பிப்ரவரி முழுக்க இப்படியே போயிற்று. கிண்ணத்துக்கு ஒன்றாகச் செத்துக்கொண்டும் இருந்தன. ஈஸ்ட் தின்று வளர்ந்தவை சொங்கியாக இருந்தன, பாசி தின்றவை மினுமினுத்தன. மார்ச் பிறந்தபோது முதல் ஆண் தயாரானது. ஆணுக்கு வலது மீசை மட்டும் நடுவில் மடங்கும். பெண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அந்த மடக்கு என்று அக்காவுக்கு விளக்கினேன். "அதுக்குன்னே ஒரு கையா?" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு, "உங்க கரூர்க்காரனுக்கு மீசை எப்பிடி, மடங்குமா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹோலி முடிந்ததும் டெல்லி வெயில் தன் குணத்தைக் காட்டியது. அந்த ஊரில் வசந்தம் என்பது ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போடுகிற இடைவெளிதான். பகலில் கிண்ணங்கள் ஃப்ரிட்ஜுக்குள் போயின. அக்காவின் மீன் குழம்பு, என் தோசை மாவு எல்லாம் வெளியேற்றப்பட்டன. அப்படியும் ஒரு நாள் காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரை வரவில்லை. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அக்காவுக்கு விடுமுறை நாள். போகல் மார்க்கெட்டில் மீன்காரரிடம் போய் ஐஸ் கட்டி கேட்டிருக்கிறாள். மீன் எத்தனை கிலோ என்று அவர் கேட்டதற்கு, மீன் வேண்டாம் அண்ணா, வீட்டில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்றாளாம். சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள். நான் வந்தபோது அவளுடைய சேலையில் பாதி நனைந்திருந்தது. ஐஸ் வைத்த தொட்டிக்குள் கிண்ணங்கள் நின்றன. ஆனால் அதற்குள் தண்ணீர் சூடேறிவிட்டது. ஐந்து கிண்ணங்களில் நான்கில் அசைவே இல்லை.

மிஞ்சிய கிண்ணத்தில் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தன. இவ்வளவு தூரம் வந்து, இன்னும் கொஞ்சம் என்கிற இடத்தில் கைவிட்டுப் போகிறதே என்று இருந்தது. அப்பாவுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கோர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

"நாளைக்கும் ஐஸ் வேணும்" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

மறுநாளும் ஐஸ் வந்தது, அதற்கு மறுநாளும். மார்ச் முடிவதற்குச் சற்று முன்னால், ஒரு காலையில் கிண்ணத்தின் அடியைத் துழாவி எடுத்த சொட்டில் உருண்டையாக, சுற்றிலும் முள் முள்ளாக ஒன்று கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. முட்டை. நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். முட்டைதான். துணி உலர்த்த வந்த ஆன்ட்டியைக் கட்டிப்பிடித்தேன். அச்சார் தயாராகிவிட்டதா என்று அவர் கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

முட்டைகள் பொரிக்கவில்லை. காத்திருந்து பார்த்தும் பொரிக்கவில்லை. தண்ணீர் சூடேறுவதை உணர்ந்த தாய், தூங்குகிற முட்டையாகப் போட்டிருந்தாள். டெல்லிக் கோடை தன் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "முட்டையிலிருந்து முட்டை வரை" என்றார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து ஆய்வேட்டு அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"முட்டை போட்டுருச்சுப்பா" என்றேன்.

"யாரு?"

விவரமாகச் சொன்னேன். கண்ணாடிக்குள் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப எழுதி முடிச்சிட்டுத்தான வருவ" என்றார் கடைசியில். "நான் கரூருக்குப் பேசிக்கிறேன்." பூத்திலிருந்து வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. பல நாளாக அப்படிப் பசித்ததில்லை.

அறைக்கு வந்தபோது அக்கா டியூட்டி முடிந்து வந்திருந்தாள். வெள்ளைச் சேலைகூட மாற்றாமல், கையைக் கழுவிவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தில் அப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், முட்டை போட்ட தாய். மீசையில் ஒன்று பாதி உடைந்திருந்தது. முதுகில் அழுக்கு ஒட்டியிருந்தது. அதைக்கூடத் தட்டிவிடத் தெம்பில்லாமல் எப்போதாவது ஒரு உதை உதைத்துக்கொண்டிருந்தது. நான் கையெழுத்து கிடைத்ததைச் சொன்னேன். அக்கா கண்ணை எடுக்காமலே "நல்லது மக்ளே" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்னக்கா, ஏன் அழுறீங்க? அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். நாம ஒண்ணும் தப்பு பண்ணல."

"அதுக்கில்ல." மூக்கை உறிஞ்சினாள். "எங்க வார்டுல எத்தன பிள்ளைங்க வந்துருக்கு தெரியுமா. உள்ளங்கைல நிக்கும். ராவும் பகலும் பாப்போம். பொழச்சா, துணில சுத்தி வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்க. போகும்போது திரும்பிப் பாப்பாங்க, கைய ஆட்டுவாங்க. அதுக்கப்புறம் அது நடந்துச்சா, பேசிச்சா, பள்ளிக்கூடம் போச்சா, ஒண்ணும் தெரியாது. பொழைக்கலன்னா, அதையும் துணிலதான் சுத்திக் குடுப்போம். இத்தன வருஷத்துல நான் பாத்த ஒண்ணுகூட எனக்கு முன்னால வளந்ததில்ல."

மறுபடி கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள், "இது ஒண்ணுதான், பொறந்ததுல இருந்து கெழவி ஆகுறது வரைக்கும் நான் கூடவே இருந்தது."

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் போட்டேன். அக்கா அதில் உட்கார்ந்து, அந்தக் கால்கள் அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.